தக்காளி ஆடி கழிந்தால் வரும், துவரை தைக்குத்தான்

2023 ஆனி மாதக் கடைசியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்த அன்றைக்கு நான் வைத்த சாம்பாரை இன்னும் மறக்க முடியவில்லை. மதுரையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்த வாரம் அது. துவரம் பருப்பும் நூற்றைம்பதுக்கு மேலே போய் நின்றது. நான் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வழக்கமாகப் போடும் ஒரு டம்ளர் பருப்பை அரை டம்ளராகக் குறைத்திருந்தேன். ஆனால் தக்காளி மட்டும் வழக்கம்போல மூன்று பழம் போட்டேன். தக்காளி இல்லாமல் சாம்பார் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் போட்டு, அம்மாவுக்கும் போட்டுவிட்டு நான் கடைசியாக உட்கார்ந்தேன். அம்மா கரண்டியை எடுத்துச் சட்டியின் அடிவரை விட்டு ஒரு சுற்று சுற்றினார். மேலே வந்தது புளித்தண்ணீரும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டும்தான்.

"தக்காளிய வேண்டாம்னு வச்சிருந்தா சரின்னு விட்டிருப்பேன். பருப்புல ஏன்த்தா கை வச்ச?" என்று கேட்டார். நான் விலையைச் சொன்னேன். எல்லாமே ஏறிப்போச்சும்மா, எங்கேயாவது குறைத்துத்தானே ஆக வேண்டும் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, போகிற போக்கில் ஒன்று சொன்னார். "தக்காளி ஆடி கழிஞ்சா வந்துரும். துவரை தைக்குத்தான். ரெண்டையும் ஒண்ணா நெனைக்காத."

அன்றைக்கு அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பத்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், பலசரக்கு நோட்டில் ஒவ்வொரு மாதமும் கணக்கு எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த விஷயம், நான் பத்து வருடம் எழுதிய நோட்டில் எங்கேயும் இல்லை. எது எவ்வளவு விலை என்று எழுதி வைத்திருந்தேன். அந்த விலை எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

விலை எத்தனை நாள் நிற்கும்

அம்மாவுக்கு இது பள்ளிக்கூடத்தில் வந்த அறிவு இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை பார்த்தவர். ஆடியில் விதைத்தால் எது எப்போது வீட்டுக்கு வரும் என்பது அவருக்கு நாள்காட்டி பார்க்காமலே தெரியும். மறுநாள் காலையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அவரைக் கூட்டிப் போனேன். 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் ஆரம்பித்த உழவர் சந்தை அதுதான். வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே என்று பார்த்து, தினமும் காலையில் அதிகாரிகள் போடும் விலை. நான் எப்போதும் அந்தப் பலகையில் நான் வாங்க வந்த நாலு காயின் விலையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அம்மா அதன் முன்னால் நின்று, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னார்.

கீரையா, அது விதைத்து இருபத்தைந்து நாளில் பிடுங்குகிற சாமான், இன்றைக்கு ஏறினால் அடுத்த மாதம் இறங்கிவிடும். தக்காளி நாற்று நட்டு அறுபது, எழுபது நாளில் காய்க்கும். கோடையில் விலை இல்லாமல் போனதால் பாதிப்பேர் தோட்டத்தை அப்படியே விட்டிருப்பார்கள், விலை ஏறியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டிருப்பார்கள், ஆடி கழிந்ததும் மொத்தமாக வந்து விழும். சின்ன வெங்காயமும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். துவரை அப்படி இல்லை. அது நிலத்தில் ஆறு மாதம் நிற்கிற பயிர். ஆடியில் போட்டால் தையில்தான் வீட்டுக்கு வரும். வருடத்துக்கு ஒரு வெள்ளாமை. அது தப்பினால் அடுத்த வருடம்தான்.

நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஜூலை, ஆகஸ்டில் நாடு முழுக்கத் தக்காளிப் பேச்சாக இருந்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. ஆவணி பிறந்த கொஞ்ச நாளில் விலை சரசரவென்று இறங்கி, செப்டம்பரில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தோட்டக்காரர்கள் அழுகிற நிலைமைக்குப் போய்விட்டது. ஜூலையில் நான் அழுத அழுகையை செப்டம்பரில் அவர்கள் அழுதார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. விலை இறங்கியது என்று நான் சந்தோஷமாகப் பை நிறைய வாங்கி வந்த அதே தக்காளிதான்.

துவரைதான் அம்மா சொன்ன தையில் இறங்கவில்லை. 2024 பொங்கலுக்கு நான் போனில் கேட்டேன். "ஆடியில மழை எங்க பெஞ்சது? தையில எப்படி இறங்கும்?" என்றார். உண்மைதான். 2023 ஆகஸ்ட் மாதம், 1901-லிருந்து கணக்கெடுத்ததில் நாட்டிலேயே மழை மிகவும் குறைந்த ஆகஸ்ட். துவரை பெரும்பாலும் விளைவது கர்நாடகத்தில் கலபுரகி பக்கமும் மகாராஷ்டிரத்திலும். அங்கே வானம் பொய்த்தால் மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். அந்த வருடம் முழுக்கப் பருப்பு விலை இறங்காமல் நின்று, அடுத்த தையை ஒட்டித்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆக, தக்காளி ஏறினால் ஆறேழு வாரம் ஒதுங்கி நிற்கலாம். பருப்பு ஏறினால் ஒன்றரை வருடம் ஒதுங்கி நிற்க முடியாது, அதற்கு வேறு ஏற்பாடுதான் செய்ய வேண்டும். நான் செய்தது நேர்மாறு. ஒதுங்கி நிற்க வேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டு, விடக்கூடாததைக் குறைத்திருந்தேன்.

தக்காளி இல்லாத பத்து நாள்

அந்தத் தடவை அம்மா பத்து நாள் இருந்தார். அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பத்து நாளும் ஒரு தக்காளிகூட வீட்டுக்குள் வரவில்லை. இதை அவர் சொல்லிவிட்டுச் செய்யவில்லை, நான் ஆறாம் நாளோ ஏழாம் நாளோதான் கவனித்தேன். பிள்ளைகள் கடைசிவரை கவனிக்கவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மிதுக்க வத்தலைப் போட்டு ஒரு நாள் புளிக்குழம்பு. தட்டப்பயறும் கத்தரிக்காயும் போட்டு ஒரு நாள். மோர்க்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, கொள்ளு ரசம், அடுப்பில் வைக்காமலே கரைத்த பச்சைப்புளி ரசம். திவசச் சமையலில் இன்றைக்கும் பல வீடுகளில் தக்காளி சேர்ப்பதில்லை. அந்தச் சாப்பாட்டை ருசியாக இல்லை என்று யாரும் சொன்னதில்லை. தக்காளி நம் அடுப்படிக்குப் பிந்தி வந்த சாமான் என்பதை நானே மறந்துபோயிருந்தேன். புளி இருக்கிற வீட்டில் தக்காளி இல்லாமல் எதுவும் நின்றுபோகாது. பங்குனியில் விலை குறைவாக இருக்கும்போது வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பானையில் அடைத்து வைக்கிற புளி ஒரு வருடத்துக்கு வரும். தக்காளி ஒரு வாரத்துக்கு வராது.

அந்தப் பத்து நாளில்தான் என் பலசரக்கு லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த புதிதில் எழுதிய லிஸ்ட். துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, எண்ணெய் 3 லிட்டர் என்று ஆரம்பித்து முப்பத்தியெட்டு சாமான். பத்து வருடமாக மாதம் பிறந்தால் அதே லிஸ்ட்தான். முதலில் காகிதத்தில் எழுதிக் கடையில் கொடுத்தேன், அப்புறம் அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சித்திரையிலும் அதேதான், மார்கழியிலும் அதேதான். முருங்கைக்காய் பங்குனி, சித்திரையில் தெருவில் குவிந்து கிடக்கும்போதும் வாங்கினேன், கார்த்திகை, மார்கழியில் ஒரு காய் விலைக்கு ஒரு நேரச் சாப்பாடே முடித்துவிடலாம் என்கிற அளவுக்கு ஏறும்போதும் வாங்கினேன். அம்மா வீட்டில் இப்படி ஒரு லிஸ்ட் இருந்ததே கிடையாது. என்ன இருக்கிறது என்று முதலில் டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். அப்புறம் என்ன வந்திருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்பார். ஐப்பசி மழைக்கு, பாகற்காய் மாதிரிச் சின்னக் காயான அதலக்காய் வந்தால் ஒரு மாதம் அதலக்காய்தான். அதைப் பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். அதனால் அது பெரிய கடைகளுக்கு வராது. தெருவில் கூடையில்தான் வரும். விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும்.

கடையில் சேமித்ததாக நினைத்த கணக்கெல்லாம் நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். பெரிய கடையில் சலுகை போட்டிருக்கிறார்கள் என்று ஐந்து கிலோ பருப்பு வாங்கி, மூன்றாம் மாதம் வண்டு விழுந்து, கடைசி ஒரு கிலோவைக் கோழிக்குப் போட்டிருக்கிறேன். அம்மாவும் மொத்தமாகத்தான் வாங்குவார். ஆனால் அறுவடை முடிந்த கையோடு வாங்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, சூடு ஆறவிட்டு, மிளகாய் வத்தலோடு டின்னில் அடைப்பார். வெயிலில் போட மொட்டைமாடி இல்லாத வீட்டில் மொத்தமாக வாங்குவது சிக்கனம் இல்லை. இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். இப்போது பாக்கெட்டில் அதிகபட்ச விலையோடு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்றும் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கிராமுக்கு, மேலே இருந்தால் கிலோவுக்கு. அதனால் 850 கிராம் பாக்கெட்டில் 0.19 என்று இருக்கும், இரண்டு கிலோ பாக்கெட்டில் 174 என்று இருக்கும். 0.19 பார்க்கச் சின்னதாகத் தெரிகிறது. ஆயிரத்தால் பெருக்கினால் 190. ஆயிரத்தால் பெருக்குவது ஒன்றும் கஷ்டம் இல்லை, கையில் குழந்தையும் பையுமாக நிற்கும்போதுதான் அது தோன்றாது. எண்ணெயிலும் அப்படித்தான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பக்கத்தில் அதே அளவுக்குத் தெரிகிற பாக்கெட் 850 கிராமாக இருக்கலாம். எடையைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து நான் எத்தனை மாதம் ஏமாந்தேன் என்று தெரியவில்லை. அரிசி மூட்டை ஏன் இருபத்தைந்து கிலோவிலிருந்து இருபத்தாறு கிலோவானது என்று யோசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒரு கிலோ கூடப் போட்டால் வரி இல்லை. மூட்டையாக வாங்குகிற வீடுகள் தப்பித்தன. ஐந்து கிலோ, பத்து கிலோவாக மட்டுமே வாங்க முடிகிற வீடுகள்தான் அந்த வரியைக் கட்டுகின்றன. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

கடைசியாக உட்காருகிறவள்

ஆனால் என்னை உறுத்தியது இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சாம்பார் பேச்சை மறுபடி எடுத்தார். என் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னார். அம்மா மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த புதிதில் பஞ்சம் மாதிரி ஒரு வருடம். பருப்பைக் குறைத்துக் குழம்பு வைத்தார்களாம். பருப்பு அடியில் இருக்கும். கரண்டி போட்டு அள்ளி அள்ளி ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டால், கடைசியில் உட்காருகிறவளுக்குத் தெளிவுதான் மிஞ்சும். "குறைச்சது என்னமோ குடும்பத்துக்குத்தான்னு சொல்லுவாங்க. குறைஞ்சது அவங்க தட்டுலதான். உனக்கும் அன்னைக்கி என்ன இருந்துச்சுன்னு நான் பாத்தேன்ல."

நான் பார்க்கவில்லை. என் தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. அம்மா கரண்டியை அடிவரை விட்டுச் சுற்றியது பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மட்டும் இல்லை, எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்த ஒரு மாதமாக நான் அரை டம்ளர் பருப்பில்தான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். முட்டை இரண்டு குறைத்திருந்தேன், அது பிள்ளைகளின் பங்கில் குறைந்த முட்டை இல்லை, என் பங்கில் குறைந்தது. தயிர் அவருக்கும் பிள்ளைகளுக்கும் போதும், எனக்கு மோர் போதும் என்று ஆகியிருந்தது. யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சிக்கனம் என்ற சொல் எங்கள் வீட்டில் அப்படியே தானாக என் தட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்ததைப் பலமுறை படித்திருக்கிறேன். அதை எங்கேயோ இருக்கிற பெண்களைப் பற்றிய எண்ணிக்கையாகவே படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் அன்று ராத்திரியே சொன்னேன். அவர் பதில் பேசாமல் பலசரக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தார். இருவருமாகச் சேர்ந்து அந்த மாதச் செலவைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தோம். பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள்தான் இருந்தது. பிஸ்கட், மிக்சர், குளிர்பானம், நூடுல்ஸ், வாரத்துக்கு ஒரு நாள் வெளியே வாங்கிய பரோட்டா எல்லாம் சேர்த்தால் 2,600. எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. 2023-24 குடும்பச் செலவு ஆய்வில், நகர வீடுகளில் மொத்தச் செலவில் பதினொரு சதவீதத்துக்கு மேல் பானங்கள், தயாரித்த உணவு, நொறுக்குத்தீனிக்குத்தான் போகிறது. சாப்பாட்டுச் செலவில் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பங்கு. நான் குறைத்தது அதில் இல்லை. ஒரு மாதம் முழுக்கப் பருப்பைப் பாதியாக்கி நான் மிச்சம் பிடித்தது சுமார் 150 ரூபாய். அந்த 150 ரூபாயை நோட்டில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரேஷன் கடைக்கு அடுத்த மாதம் நானே போனேன். எங்களிடம் அரிசி கார்டுதான் இருக்கிறது. சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது வழக்கம். ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய் என்று கொடுத்தார்கள். சில மாதம் துவரம் பருப்பு வரும், சில மாதம் கனடா மஞ்சள் பருப்பு. வெளியே 160 விற்கும்போது 30-க்குக் கிடைக்கிற பருப்பை இத்தனை வருடம் ஏன் விட்டேன் என்று கேட்டால், வரிசையில் நிற்கத் தயங்கினேன் என்பதுதான் உண்மை. வரிசையில் என் முன்னால் நின்ற அக்கா, என்னை முதல்முறை பார்க்கிறவர், "மாசக் கடைசில வாங்க, கூட்டம் இருக்காது. ஆனா பருப்பு தீந்துரும், அதையும் பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

இப்போது வீட்டில் மாத லிஸ்ட் இல்லை. பருப்பு, பயறு, முட்டை, பால், கீரை இவை மட்டும் குறையக்கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். மற்றதெல்லாம் டப்பாவையும் சந்தைப் பலகையையும் பார்த்துத்தான். துவரை ஏறியிருந்த வருடம் வாரத்துக்கு மூன்று நாள் பாசிப்பருப்பு, தட்டப்பயறு, கொள்ளு என்று மாற்றிக்கொண்டோம். நொறுக்குத்தீனிக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை அவரே கடலை வறுத்து டப்பாவில் போட்டு வைக்கிறார். மாதம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு மிச்சமாகிறது. இது பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். சிலிண்டர் விலைக்கும் பால் விலைக்கும் எண்ணெய் விலைக்கும் எங்களிடம் எந்த வழியும் இல்லை. 2024 செப்டம்பரில் இறக்குமதி எண்ணெய்க்கு வரியைக் கூட்டினார்கள், அடுத்த வாரமே கடையில் ஏறியது. 2025 மே மாதக் கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் குறைத்தார்கள், கடையில் இறங்குவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுப்படியில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தினக்கூலி வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வந்து அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குகிற வீட்டுக்கு, பங்குனியில் புளி வாங்கி வை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்களுக்குக் கொஞ்சம் இடமும் கையில் கொஞ்சம் காசும் இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

2025 ஆடியில், தேங்காய் விலை ஏறி ஏறி, தேங்காய் எண்ணெய் லிட்டர் நானூறைத் தாண்டியிருந்த சமயம், மகளைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். அப்போது ஏழாவது படித்தாள். பலகை முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். தேங்காய்க்கு வந்ததும் நிறுத்தி, "இது எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். "அம்மாச்சி, தேங்காய் எப்ப இறங்கும்?" என்றாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் சந்தைச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. "பாளை வெடிச்சு காய் முத்த ஒரு வருசம் ஆகும்ல, தாயி. போன வருசம் அடிச்ச வெயில்ல பூவெல்லாம் கருகிருச்சு, பூச்சி வேற. அது இப்பத்தான் காயில தெரியுது. இன்னும் நாள் ஆகும். அதுவரைக்கும் கடலைச் சட்னி அரைக்கச் சொல்லு உங்கம்மாவ."

நோட்டில் தேங்காய்க்கு நேரே, நாலு என்று இருந்ததை அடித்து, இரண்டு என்று அவளே எழுதினாள்.